அப்டேட்டை எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவீங்க? லினக்ஸ்ல நேரம் குறிச்சு வைக்கலாமே!

'அப்டேட் இருக்கு, இன்ஸ்டால் பண்ணவா?' என்று உபுண்டு கேட்கும்போதெல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடிவிடுகிற ஆளா நீங்கள்? இது உங்களுக்குத்தான்.

'லினக்ஸ்ல வைரஸே வராதுப்பா' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வைரஸ் குறைவுதான். ஆனால், ஓட்டை விழாது என்று அர்த்தமில்லை. பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது 2014 ஏப்ரல் 7-ம் தேதி வெளியே தெரிந்தது. அதை அடைக்கும் அப்டேட்டும் அன்றைக்கே வந்துவிட்டது. அதைப் போடாத சர்வர்கள் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தன. விஷயம் வெளியே வந்துவிட்டால், அது திருடனுக்கும் தெரியும்தானே!

உபுண்டுவில் இந்த வேலைக்கென்றே 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற புரோகிராம் இருக்கிறது. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து, அப்டேட்ஸ் பகுதியில் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யும் ஆப்ஷனைத் தேர்வு செய்தால் போதும். குரோம் மாதிரி வெளியிலிருந்து போட்டவற்றை இது தொடாது. அவற்றை நீங்கள்தான் கவனிக்கணும்.

சரி, எப்போது நடக்கும்? வழக்கமாகக் காலை 6 மணி முதல் 7 மணிக்குள். சிஸ்டம் அணைந்திருந்தால், அடுத்த முறை ஆன் செய்ததும் விட்ட வேலையைப் பிடித்துக்கொள்ளும். கடை திறந்து பில் போடும் நேரத்தில் சிஸ்டம் மெதுவாவது இதனாலும் இருக்கலாம். நேரத்தை மாற்ற, டெர்மினலில் 'ஏபிடி-டெய்லி-அப்கிரேட்' டைமரை எடிட் செய்ய வேண்டும். 'ஆன்கேலண்டர்' வரியை முதலில் காலியாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் புது நேரத்தைக் கொடுங்கள். காலி வரியை விட்டுவிட்டால் பழைய நேரம், புது நேரம் ரெண்டுமே ஓடும்!

கெர்னல் அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலைக்கு வரும். தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதி முதலில் அணைத்தே இருக்கும். வீட்டு லேப்டாப்பில் அப்படியே விடுங்கள். இரவெல்லாம் ஓடும் கடை சர்வர் என்றால் ஆன் செய்து, அதிகாலை 2 மணி என்று நேரம் கொடுக்கலாம். ஒரு விஷயம்... அந்நேரத்தில் யாராவது லாகின் செய்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும் அது கேட்காது, ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதைத் தடுக்கவும் அதே செட்டிங் ஃபைலில் தனி வரி உண்டு.

அப்டேட் ஓடும்போது ஷட்டவுன் கொடுத்தால் கொஞ்சம் காக்க வைக்கும். பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். பாதி இன்ஸ்டால் ஆன பேக்கேஜைச் சரிசெய்ய இன்னும் அதிக நேரம் உட்காரணும்.