மனநலக் கேள்வித்தாள்: பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியவை

அமெரிக்காவில் 12 வயதைத் தொட்ட பிள்ளைகள் வருடாந்திர உடல் பரிசோதனைக்குப் போகும்போது, எடை, உயரம், தடுப்பூசி இவற்றோடு ஒரு கேள்வித்தாளும் கொடுக்கப்படுவது இப்போது வழக்கமாகி வருகிறது. பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா, தூக்கம் கெட்டதா, கவனம் சிதறியதா என்று அது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். செத்துவிட்டால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா என்பது கடைசிக் கேள்வி. 12 முதல் 18 வயதுவரை மனச்சோர்வுக்கும், 8 முதல் 18 வரை மனப்பதற்றத்துக்கும் அறிகுறி இல்லாதவர்களையும் சோதிக்கும்படி அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தலைகாட்டுகின்றன என்கின்றன ஆய்வுகள். ஆகவே பரிந்துரை சரிதான். ஆனால் அந்தத் தாள் எதற்கு, பதிலை யார் படிப்பார்கள், படித்தபின் என்ன நடக்கும் என்பதெல்லாம் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அது பயன்தரும்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிள்ளையின் நம்பிக்கை தேவையில்லை. ஊசி குத்தினால் அளவு தெரிந்துவிடும். கேள்வித்தாளோ பிள்ளை சொல்ல விரும்பியதை மட்டுமே காட்டும். பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்க, இது பள்ளிக்குப் போகுமா என்ற சந்தேகமும் இருந்தால், எல்லாவற்றுக்கும் 0 போட்டு நீட்டிவிடுவது எளிது. மருத்துவரும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கேட்காமலே விட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

சொல்லிக்கொடுப்பதன் வலிமைக்குப் பள்ளிகளிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை நிபுணர்களிடம் அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்கு, மனநலம் பற்றி மாணவர்களே நடித்தும் விவாதித்தும் கற்றுக்கொள்ளும் ஐந்து மணி நேர வகுப்புகளை நடத்தினார்கள். ஓராண்டுக்குப் பிறகு, கற்றுக்கொண்ட பிரிவில் புதிய தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததில் பாதி அளவே இருந்தன. கேள்வித்தாள் பிரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருத்துவமனைச் சூழல் வேறுதான். என்றாலும், தன் மனநிலையைப் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரிந்த பிள்ளையிடமிருந்தே உதவி தேடும் பேச்சு தொடங்குகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தையே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதையே சோதித்து, 2005-இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை.

முத்திரை குத்திவிடுவார்கள் என்ற கவலைக்கு இன்னும் வலு உண்டு. பதின்வயதினரிடம் பிஎச்க்யூ-9 தாளைச் சோதித்த 2010 ஆய்வொன்றில், 11 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது, கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பிடிபட்டார்கள். இல்லாதவர்களிலும் 22 விழுக்காட்டினருக்கு மேல் மாட்டினார்கள். நூறு பேரில் எட்டுப் பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், எல்லையைத் தாண்டும் 28 பேரில் ஏழு பேருக்குத்தான் உண்மையில் நோய். மற்றவர்கள் தேர்வு நெருக்கடியிலோ வீட்டுச் சண்டையிலோ தவிப்பவர்களாக இருக்கலாம். மதிப்பெண் என்பது நோயின் பெயரல்ல, மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டியதற்கான அடையாளம் மட்டுமே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த 21 பேரும் நோயாளிப் பட்டத்தோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. பேச மருத்துவருக்கு நேரமும், அனுப்பிவைக்க ஓர் இடமும் வேண்டும். இவை இல்லாத ஊரில் தாளை மட்டும் நீட்டுவது தவறு.

பெற்றோருக்குத் தெரியாமல் மருத்துவர் தனியே பேசலாமா? சில நிமிடமாவது தனியே பேச வேண்டும் என்பதே என் கருத்து. அதே சமயம் ரகசியத்துக்கு உள்ள எல்லையையும் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பெற்றோரிடம் சொல்வோம், அதை உன்னிடம் சொல்லிவிட்டே செய்வோம் என்பதைத் தாள் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். ரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு உண்மை எழுதாது.

இந்தியாவில் 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயதினரின் மனநலத்தையும் தன் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. வகுப்பறையில் இந்த விளக்கத்தைச் சொல்லிக்கொடுக்க அதன் கீழேயே இடமிருக்கிறது. கேள்வித்தாள் வரும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு, டெலி-மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.