காலிக் கஜானா தந்த விளையாட்டு

2010 அக்டோபரில் டில்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது, டில்லிப் பல்கலைக்கழக மைதானத்துக்கு என் மகன் என்னை அழைத்துப் போனான். ரக்பி பார்க்கவாம்! முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணியார் மடக்கித் தள்ளுகிறார்கள். எனக்குக் கபடி நினைவுதான் வந்தது.

"ரக்பிக்குப் பக்கத்துக்குப் பதினைந்து பேர் அல்லவா? ஏழு பேர்தானே நிற்கிறார்கள்?" என்றேன்.

"இது செவன்ஸ்ப்பா" என்றான். ஏன் ஏழு என்பது அவனுக்கும் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சங்கம் நடத்தும் நமக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், ட்வீட் ஆற்றங்கரையில் இருக்கிறது மெல்ரோஸ் என்னும் சிற்றூர். 1136-ல் நிறுவப்பட்ட மடாலயத்தின் இடிபாடுகள்தாம் அதன் பழம்பெருமை. 1877-ல் அங்கே ரக்பி கிளப் தனியாகத் தோன்றியது. அதுவரை பக்கத்து ஊரான காலாஷீல்ஸுடன் சேர்ந்து ஆடியவர்கள், மனத்தாங்கலில் பிரிந்தார்கள். பிரியும்போது இரவோடு இரவாகக் கோல் கம்பங்களையும் பெயர்த்து வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. (சங்கங்கள் பிரிவது நமக்குப் புதிதா என்ன!)

உழைத்துப் பிழைக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் ஆடிய கிளப் அது. சம்பளம் என்ற பேச்சே இல்லை. ரக்பி யூனியனில் ஆட்டக்காரருக்குப் பணம் தரலாம் என்ற அனுமதியே 1995-ல்தான் வந்தது. ஆனால் மைதானத்துக்கும் மற்றதற்கும் செலவு உண்டே? 1883-ல் கஜானா காலி.

அப்போது கசாப்புக் கடையில் வேலை பார்த்த நெட் ஹேக் என்ற ஆட்டக்காரருக்கு ஒரு யோசனை. சுற்றுப்பட்டு ஊர்களின் அணிகளை வரவழைத்து, ஒரே நாளில் போட்டி வைத்தால் கூட்டம் சேரும், பணமும் வரும். ஆனால் பதினைந்து பேர் ஆடும் முழு ஆட்டங்கள் பலவற்றை ஒரே பிற்பகலில் முடிக்க முடியாது. ஆகவே அணிக்கு ஏழு பேர், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று சுருக்கினார்கள். அதே பெரிய மைதானத்தில் ஆள் குறைந்ததால், ஓட இடம் கிடைத்தது, ஆட்டமும் விறுவிறுப்பானது.

1883 ஏப்ரல் 28-ல் போட்டி நடந்தது. ஊர்ப் பெண்கள் கோப்பை வழங்கினார்கள். இறுதி ஆட்டம் யாரோடு தெரியுமா? அதே காலாஷீல்ஸோடு! சமநிலையில் முடியவே கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது. அதில் மெல்ரோஸ் முதலில் புள்ளி எடுத்ததும், 'வென்றோம்' என்று நேரம் முடியும் முன்பே மைதானத்தைவிட்டு வெளியேறிவிட்டது. எதிரணி ஆட்சேபித்தும் கோப்பை மெல்ரோஸுக்கே.

மனத்தாங்கல் இருந்தாலும், மறு ஆண்டே காலாஷீல்ஸ்காரர்களும் இத்தகைய போட்டியை நடத்தினார்கள். 1993-ல் தொடங்கிய செவன்ஸ் உலகக் கோப்பைக்கு 'மெல்ரோஸ் கோப்பை' என்றே பெயர். 1998-ல் காமன்வெல்த் போட்டிகளிலும், 2016-ல் ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் இடம்பெற்றது.

அண்மையில் நம் செயற்குழுவில், "பணமில்லை, ஆண்டுவிழா நாடகத்தை நிறுத்திவிடலாம்" என்ற குரல் எழுந்தது. ஹேக் நிறுத்தவில்லை, சுருக்கினார். மூன்று மணி நேர நாடகத்துக்கு ஆளும் பணமும் இல்லையா? கரோல்பாக், ஜனக்புரி, மயூர் விஹார், ராமகிருஷ்ணபுரம் குடும்பங்கள் ஆளுக்கு அரை மணி நாடகம் போடட்டுமே! எந்தப் பேட்டை ஜெயிக்கிறது என்று பார்க்கவாவது நம் பிள்ளைகள் வருவார்கள்; வந்தால் நான்கு வரி தமிழ் பேசுவார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழியப்போகிறேன். அன்பர்கள் ஆதரிக்க வேண்டும்.