கனூப் படகில் ஏரிக்காட்டுக்கு: புறப்படும் முன் அறியவேண்டியவை

‘முகாம்’ என்ற சொல் எமது மக்களுக்கு வேறொன்றையே நினைவூட்டும். 2009 இல் செட்டிகுளத்தில் தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் கிடந்தவர்களிடம், பிள்ளைகள் விடுமுறைக்கு முகாமிடப் போகிறார்கள் என்றால் முகம் மாறிவிடும். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தியும் அப்படித்தான் கேட்டார்: “காசு குடுத்துக் கூடாரத்துக்குள்ள போய்ப் படுக்கிறதோ? அதுவும் நீந்தத் தெரியாமல்?”

முதற் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்வி மிகச் சரியானது.

அவருடைய மகன் போக விரும்பிய இடம் அல்கோங்குவின் பூங்கா. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரக் கார்ப் பயணம். 1893 இல் உருவாக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். ஏரிகளையும் ஆறுகளையும் இணைத்து 2,000 கிலோமீற்றருக்கு மேல் கனூப் பாதைகள் உள்ளன. ஓர் ஏரி முடியும் இடத்தில் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இதனை ‘போர்ட்டேஜ்’ என்பார்கள். சில பாதைகள் நூறு மீற்றருக்கும் குறைவு. சில கிலோமீற்றர் கணக்கில் நீளும். முதன்முறை செல்வோர் குறுகிய தூக்குப் பாதைகளையே தெரிவு செய்வது நல்லது.

அனுமதி

உட்காட்டில் தங்குவதற்கு முன்பதிவு கட்டாயம். ஐந்து மாதங்களுக்கு முன்பே பதியலாம். கோடை வார இறுதிகள் விரைவாக நிரம்பிவிடும். ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. ரின், போத்தல் உணவுகளும் பானங்களும் உட்காட்டுக்குத் தடை. எனவே அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் யாவற்றையும் பைகளில் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

குளிர்ந்த நீர்

ஏரிகளில் பனிக்கட்டி உருகி முடிய ஏப்ரல் கடைசி அல்லது மே ஆகிவிடும். வெயில் சுட்டாலும் தண்ணீர் வாரக்கணக்கில் குளிர்ந்தே இருக்கும். கடும் குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போய்விடும். அடுத்த பத்து நிமிடம் வரைதான் கைகால்கள் சொற்கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பலாம். நன்றாக நீந்துபவரும் இதற்கு விதிவிலக்கல்ல. முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேல் வைத்திருப்பது உயிர்காப்பு அங்கிதான். ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது கனடியச் சட்டம். ஆனால் காலடியில் கிடக்கும் அங்கி, படகு கவிழும்போது உதவாது. உடலில் அணிந்து பூட்டியிருக்க வேண்டும்.

பெரிய ஏரிகளில் பிற்பகலில் காற்று எழுந்து அலை அடிக்கும். அதிகாலையில் கடந்துவிடுங்கள்; கரையை ஒட்டியே துடுப்புப் போடுங்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாமல் பிடித்துக்கொண்டிருங்கள்.

கரடியும் பூச்சியும்

கருங்கரடிகள் உணவின் வாசனைக்கே வரும். சாப்பாட்டையும் பற்பசையையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். பையிலிட்டு, நிலத்திலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீற்றர் விலக்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். மே நடுப்பகுதி முதல் ஜூன் வரை கடிக்கும் ஈக்களின் காலம். ஓகஸ்ட் கடைசி இதமானது.

வீட்டில் விட்டுச் செல்லவேண்டியது

உட்காட்டின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே எந்த ஏரி, எந்த இரவு, எத்தனை பேர், படகின் நிறம், திரும்பும் நாள், அந்த நேரம் கடந்தால் யாருக்கு அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மீட்புப் பணியினர் தேடத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான்.

போனவர் எங்கே என்று தெரியாமல் காத்திருப்பது எப்படியென்று எமது தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. சித்தியின் மகன் அந்தத் தாளைத் தமிழில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனான். நான்காம் நாள் மாலை அவன் திரும்பும்வரை சித்தி அதை எடுக்கவில்லை.