ஒரு டப்பா சாக்லேட்-புதினா குக்கீயின் நிஜ விலை என்ன?

"வீட்ல குக்கீ சுட்டு ஆபீஸ்ல விக்கலாம்னு இருக்கேன், லாபம் வருமா?" இந்தக் கேள்வி தென்காசிப் பக்கமிருந்து அடிக்கடி வருது. 2011-லிருந்து மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கு, 2019-ல் தென்காசி தனி மாவட்டமும் ஆச்சு. சொந்த ஊரிலேயே சம்பளம் வாங்கும் இளைஞர்கள் இப்போ நிறைய பேர். சனி, ஞாயிறு கையில் நேரம் இருக்கு, வீட்டில் ஓடிஜி அவன் இருக்கு. ஆசை நியாயமானதுதான். கணக்கைப் பார்த்துடலாம்.

இரண்டு நிறம் சுருண்டு நிற்கும் சாக்லேட்-புதினா குக்கீயையே எடுத்துக்குவோம். மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதா சேர்த்துப் பிசைந்து, மாவை இரண்டாகப் பிரிக்கணும். ஒரு பாதியில் கோகோவும் ஒரு ஸ்பூன் பாலும் (கோகோ ஈரத்தை இழுத்துக்கும்). இன்னொரு பாதியில் கால் டீஸ்பூன் பெப்பர்மின்ட் எசன்ஸும் ஒரு துளி பச்சை நிறமும். இரண்டையும் அரை சென்டிமீட்டர் தடிமனில் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமா சுருட்டி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். அப்புறம் வில்லை போட்டு 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம்.

மார்க்கெட்டில் வாங்கின புதினா இலையை அரைத்துப் போடாதீங்க. இலையின் தண்ணீர் மாவைத் தளர்த்தும், சூட்டில் நிறமும் கறுத்துடும். அதோடு, நம்ம புதினாவின் வாசனை சட்னி வாசனை. சாக்லேட்டுக்குத் தேவையான 'சில்'லுன்ற உணர்வு மென்தால் தருவது. அந்த மென்தாலுக்காக உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் பெரிய அளவில் ஒரு புதினா வகை பயிராகுது. எம்சிஎக்ஸில் 'மென்தா ஆயில்' என்று பார்த்திருப்பீங்களே, அந்த எண்ணெய்தான். கோகோவுக்கும் உலகச் சந்தை உண்டு. 2024-ல் டன் 10,000 டாலரைத் தாண்டிப் போச்சு. ஒரு வருஷம் முன்னாடி போட்ட காஸ்டிங்கை வைத்து இன்னிக்கு விலை சொல்லாதீங்க என்பதற்கு இது போதும்.

இனி செலவு. நான் போடுவது உதாரண விலை, உங்க கடை பில்லை வைத்து மாத்திக்குங்க. மைதா 15 ரூபாய், வெண்ணெய் 90, சர்க்கரை 6, கோகோ 40, எசன்ஸ், நிறம், பால், உப்பு சேர்த்து 7, பட்டர் பேப்பர் 6, கரண்ட் 7. மொத்தம் 171. பொருள் செலவில் பாதிக்கு மேல் வெண்ணெய்தான், அதனால் பேரம் பேசணும்னா அங்கே பேசுங்க. சுமார் 40 வில்லை வரும். சுருளின் முனைகளில் வரும் நாலு வில்லை உருவம் சரியா இருக்காது, வீட்டுக்காரங்களுக்கு. மீதி 36, டப்பாவுக்கு 12 என மூன்று டப்பா. டப்பாவும் ஸ்டிக்கரும் தலா 15. ஆக 216 ரூபாய்.

டப்பா 120 ரூபாய்க்கு விற்றால் வரவு 360, மிச்சம் 144. "நாற்பது சதவீத லாபம் சார்!" என்பாங்க. பிசைந்து, தேய்த்து, சுட்டு, பாத்திரம் கழுவி, பேக் பண்ண இரண்டரை மணி நேரம் போகுது. அப்போ மணிக்கு 58 ரூபாய். மாதம் 25,000 சம்பளம் வாங்குறவருக்கு, 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 120 வருது. அதாவது ஆபீஸ் கூலியில் பாதிக்கும் குறைவா உங்களையே வேலைக்கு வெச்சிருக்கீங்க. 6,000 ரூபாய்க்கு அவன் வாங்கியிருந்தால் அந்தக் காசு திரும்பவே 42 பேட்ச் ஆகும். வாரம் ஒன்று என்றால் பத்து மாசம்.

இதை மாத்த முடியும். சுருட்டிய மாவு உருளை ஃப்ரீசரில் ஒரு மாசம் தாங்கும். ஒரே ஞாயிறு நாலு பேட்ச் மாவு பிசைந்து வெச்சுட்டு, ஆர்டர் வந்த அன்னிக்கு வெட்டிச் சுட்டால் பேட்சுக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். மணிக்கு 96 ரூபாய். டப்பா விலையை 140 ஆக்கினால் 136. இப்போதான் ஆபீஸ் கூலியைத் தாண்டுது.

சீசனை நம்பி இறங்குறவங்களுக்கு ஒரு விஷயம். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மே மாச வெக்கையில் கையிலேயே உருகுற வெண்ணெய் மாவு அப்போ அழகா சுருளும். ஆனா சுட்ட குக்கீ அந்த ஈரக் காத்தில் சீக்கிரம் நமுத்துடும். அருவிக் கூட்டத்தைப் பார்த்து நூறு டப்பா முன்கூட்டியே சுட்டு வெச்சா நஷ்டம் உங்க தலையில். ஆர்டருக்கு மட்டும் சுடுங்க, ஆறினவுடனே காத்துப் புகாத டப்பாவில் மூடுங்க.

சட்டப் பக்கம். வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். 2011 விதிகளில் சிறு வியாபாரிக்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இப்போதைய வரம்பையும் தொகையையும் ஃபாஸ்காஸ் தளத்தில் பார்த்துக்குங்க. ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனா புளியறை தாண்டி புனலூர் ஃப்ரெண்டுக்கு விலைக்கு ஒரு டப்பா அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு கட்டாயம். எல்லை பக்கத்திலேயே இருக்கிற நம்ம ஊருக்கு இது நிஜமான சிக்கல். சும்மா கொடுத்தா பிரச்சினை இல்ல!

வருமான வரியில்தான் பலர் மாட்டுறாங்க. குக்கீ லாபம் வியாபார வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது, ஊக வருமான முறையில் ஐடிஆர்-4 போடலாம். யூபிஐ வரவில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபம் காட்டணும். நிஜமா அதைவிட அதிகம் நின்றால் அதைக் காட்டுங்க என்பது என் கருத்து. உங்க சொந்த உழைப்புக்குக் கூலி போட்டுச் செலவில் கழிக்க முடியாது.

2025-26-ல் புதிய முறையில் 12,75,000 சம்பளம் வாங்குற ஒருத்தரைப் பாருங்க. நிலையான கழிவு 75,000 போக 12 லட்சம், வரி பூஜ்யம். இவரே வாரம் ஒரு பேட்ச் சுட்டு வருஷத்துக்கு 7,488 ரூபாய் சம்பாதித்தால், வரம்புக்கு மேலே போன தொகை முழுக்க வரியாகி, செஸ்ஸோடு சுமார் 7,790 கட்டணும். 52 ஞாயிறு சுட்டதுக்கு கைக்காசு 300 நஷ்டம். சம்பளம் இதைவிட நல்லா குறைவா இருக்கிறவங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வீட்டுக் கடன், ஹெச்ஆர்ஏ இருக்கு என்று பழைய முறையில் இருக்கிறவங்க இன்னொன்றும் கவனிக்கணும். சம்பளம் மட்டும் இருந்தால் வருஷா வருஷம் முறையை மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்துட்டா, பழைய முறையிலிருந்து புதியதுக்குத் திரும்ப ஒரே ஒரு தடவைதான். அந்த வருமானம் இருக்கிற வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. முதல் டப்பாவுக்குக் காசு வாங்கும் முன்னாடி உங்க ஃபார்ம்-16-ஐயும், ஆஃபர் லெட்டரில் வெளிவேலை பற்றி என்ன போட்டிருக்குன்னும் எடுத்துப் பாருங்க.