சார்ஜ் செய்யும் செல்: சொல்லி விற்போம்



பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடை ஒன்று உண்டு. விடியுமுன் படகு இறக்குபவர்கள் டார்ச் செல் வாங்குவது அங்கேதான். ஒருநாள் நாம் வசூலுக்குப் போயிருந்தபோது ஒரு மீனவர் இரண்டு செல்களைக் கல்லா மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, சார்ஜ் செல்லுன்னு காசு அதிகமாக் குடுத்து வாங்கினேன். நல்லா எரிஞ்சிட்டிருந்த டார்ச் நடுக்கடல்ல பட்டுனு அவிஞ்சு போச்சு."

கடைக்காரரிடம் பதில் இல்லை. விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ஒரு செல் புதியது, மற்றது பழையது. சார்ஜரிலும் இரண்டு நாள் அப்படியே விட்டிருக்கிறார். அவருக்குக் கடைக்காரர் சொல்லவில்லை. கடைக்காரருக்கு நாம் சொல்லவில்லை. ஆகவே தவறு நம்முடையதும்தான்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனப்படும் இந்த செல் 1989-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. பழைய நிக்கல் காட்மியம் செல்லில் உள்ள காட்மியம் என்ற விஷ உலோகம் இதில் இல்லை. ஒரு பக்கம் நிக்கல் கலவை. மறுபக்கம் ஹைட்ரஜனைப் பஞ்சு போல் உறிஞ்சும் உலோகக் கலவை. நடுவில் காரக் கரைசல். சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் உலோகக் கலவைக்குள் போய்ச் சேரும். டார்ச் எரியும்போது திரும்பி வரும். கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவது போலத்தான். கிடங்கு நிறைந்த பிறகும் ஏற்றினால் மூட்டை உள்ளே போகாது. அந்த மின்சாரம் சூடாக மாறிச் செல்லைக் கெடுக்கும்.

சார்ஜ் செய்யும் கணக்கு எளிது. செல்லின் மேல் 2000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்து, சார்ஜர் 200 மில்லி ஆம்பியர் கொடுத்தால், காலி செல் நிரம்ப 14 முதல் 16 மணி நேரம் ஆகும். 10 மணி போதாதா என்று கேட்பார்கள். ஏற்றும்போது கொஞ்சம் வீணாவதால் போதாது. விலை குறைந்த சார்ஜர் தானாக நிற்காது. மணி பார்த்து எடுக்க வேண்டும். நல்ல சார்ஜர், செல் நிரம்பியதும் வோல்டேஜ் சற்றே இறங்குவதையும் சூடு ஏறுவதையும் கண்டு தானே நிறுத்திவிடும்.

வாங்குபவரிடம் நாம் சொல்ல வேண்டியவை:

1. புதியதும் பழையதும் கலக்கக் கூடாது. பழையது முதலில் காலியாகித் துருவம் தலைகீழாகிக் கெடும்.

2. சாதா செல் மெல்ல மங்கி முன்னறிவிப்பு தரும். இது கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே வெளிச்சம் தந்து சட்டென்று அணையும். கடலுக்குப் போகிறவர் இன்னொரு ஜோடி கையில் வைத்திருக்க வேண்டும்.

3. சாதா செல்லை சார்ஜரில் போடக் கூடாது. ஒழுகும், வெடிக்கவும் கூடும். லித்தியம் செல்லுக்கு சார்ஜரே வேறு.

4. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். 2005 முதல் வந்த, சார்ஜ் ஏற்றியே விற்கும் ரகம் மட்டும் ஓராண்டுக்கும் பெரும்பகுதியைக் காக்கும்.

5. உப்புக் காற்றில் முனைகள் பாசி பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து, சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் இல்லாதபோது சார்ஜர் எதற்கு ஆகும்? எனவே மழைக்காலத்துக்கு முன் "சார்ஜ் ஏற்றி வையுங்கள், சாதா செல்லும் ஒரு ஜோடி இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். அது வியாபாரமும் ஆகும், உதவியும் ஆகும்.

தீர்ந்த செல்லைக் குப்பையில் சேர்க்க வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகை செல்லுக்கும் பொருந்தும். கடையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்துத் தனியே சேருங்கள்.

அந்த மீனவருக்குக் கடைக்காரர் நம் கணக்கில் புது ஜோடி கொடுத்தார்; விவரத்தையும் சொன்னார். இன்றும் அவர் அந்தக் கடைக்குத்தான் வருகிறார். ஒரு ஜோடி செல்லில் கிடைக்கும் லாபம் சில ரூபாய். இருட்டில் அவர் நம்பிப் பிடிக்கும் வெளிச்சத்துக்கு நாம்தான் பொறுப்பு.