முற்றுப்பெறாத கோட்டை



பேராக் மாநிலத்தில் பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையோரம், சுங்கை ராயா ஆற்றங்கரையில், ஒரு சிறு குன்றின்மேல் நிற்கிறது கெல்லி கோட்டை. கோட்டை என்று பெயர் வழங்கினாலும் அது போருக்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு தோட்டத் துரை தம் குடும்பம் வாழ எழுப்பிய மாளிகை. அதன் சிறப்பு என்ன, அதை எவ்வாறு பாதுகாப்பது என்னும் இரண்டையும் இன்று காண்போம்.

வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். கிந்தா வட்டாரத்தில் காட்டை அழித்து ரப்பர் பயிரிட்டு, அத்தோட்டத்திற்குத் தம் சொந்த ஊரான கெல்லாஸின் பெயரையே சூட்டினார். மகள் பிறந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1915இல் மகன் பிறந்தான். அதே ஆண்டில், முன்பு கட்டியிருந்த வீட்டை ஒட்டி இம்மாளிகையின் வேலை தொடங்கியது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டும் கைகள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தன. அவை தமிழர்களின் கைகள்.

கோலாலம்பூரில் 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தையும், 1910இல் திறக்கப்பட்ட பழைய இரயில் நிலையத்தையும் நாம் அறிவோம். வளைவுகளும் மாடங்களும் கலந்த அந்தப் பாணி, 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்திலும் உண்டு. கெல்லி கோட்டையும் அந்த வழியில் வந்ததே. குதிரை லாடம் போன்ற மூரிய வளைவுகள் ஒரு பக்கம். ஐரோப்பியக் கோட்டையை நினைவூட்டும் சதுரக் கோபுரம் மறுபக்கம். வளைவுகள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அறைகளைச் சுற்றிச் செல்லும் தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் தடுக்க, வளைவுகளின் வழியே காற்று உள்ளே வருகிறது. கோபுரத்தினுள் மின்தூக்கிக்காக விடப்பட்ட இடம் இன்றும் வெறுமையாக நிற்கிறது. பொருத்தியிருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கி அதுவாகவே இருந்திருக்கும் என்பர்.

1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இங்கும் வந்து, தொழிலாளர் பலரின் உயிரைக் கொண்டது. மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று எஞ்சியோர் கேட்டார்கள். ஸ்மித் இசைந்தார். கோட்டைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள அக்கோயிலில், தெய்வ உருவங்களின் நடுவே துரையின் உருவத்தையும் வைத்தார்கள். 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். வேலை நின்றது. குடும்பம் திரும்பி வரவில்லை; சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. காடு மாளிகையைச் சூழ்ந்துகொண்டது.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளுடன் அங்கே போனால், அவர்கள் முதலில் கேட்பது, “பேய் எந்த அறையில் இருக்கிறது, சார்?” என்பதுதான். பேய்க் கதைகளுக்கும் சுரங்கப்பாதைக் கதைகளுக்கும் அங்கே குறைவில்லை. நாங்கள் அவர்களைப் பூச்சில்லாத சுவரின் அருகே நிறுத்துவோம். முடிந்த மாளிகையில் பூச்சும் வண்ணமும் வேலையை மறைத்துவிடும். இங்கோ, செங்கல் எப்படி அடுக்கப்பட்டது, வளைவு எப்படித் திருப்பப்பட்டது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரிகிறது. கட்டியவர்களின் பெயர்கள் சுவரில் இல்லை. அவர்களுடைய வேலை இருக்கிறது.

ஆகவேதான் இதைப் பாதுகாப்பது என்பது இதைக் கட்டி முடிப்பதாகாது. குறையை நிறைவு செய்தால் புதிய மாளிகை ஒன்று கிடைக்கும். பழைய சாட்சி போய்விடும். நிற்பதை நின்றவாறே காப்பதுதான் முறை.

அதற்கு முதற்பகை நீர். கூரையில்லாத சுவரின் தலையில் மழை இறங்கினால் செங்கல் ஊறும். ஊறிய இடத்தில் பாசி படரும். பறவை போட்ட ஆலம் விதையும் அரசம் விதையும் வெடிப்பில் முளைத்து, வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். கன்றாக இருக்கும்போதே அதைக் களைய வேண்டும். அடுத்தது, தவறான மருத்துவம். பழைய செங்கற் சுவர்கள் பலவும் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. அக்காரை ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியாய் உதிரும். பழுது பார்க்குமுன் பழைய காரை எதுவென்று அறிந்து, அதற்கு ஒத்ததையே இட வேண்டும்.

கெல்லி கோட்டைக்கு இன்று பார்வையாளர் உண்டு, காவல் உண்டு. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் உண்டு. ஆனால் துரை பங்களாவைத் தேடி வருவோர் லயத்தைத் தேடி வருவதில்லை. எங்கள் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்பும் வந்துவிட்டது. பழைய கோயில், பள்ளிக் கொட்டகை, பொதுக் கிணறு ஆகியவை எந்தப் பட்டியலிலும் ஏறாமலே மறையக்கூடும். அவற்றின் படத்தை எடுத்து வைப்போம். எந்த ஆண்டில், யார் கட்டியது என்று முதியவர்களைக் கேட்டு எழுதி வைப்போம். கெல்லி கோட்டைச் சுவரில் விடுபட்டுப்போன பெயர்கள், நம் தோட்டங்களின் கணக்கிலும் விடுபட வேண்டாம்.