குடித்தால் எங்கே ஒதுங்குவது?

மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் கையோடு தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவார்கள். வேலை முடியும்போதும் அதில் பாதி மிச்சமிருக்கும். அந்த வெயிலில் தாகம் எடுக்காமலா இருக்கும்? குடித்தால் ஒதுங்க வேண்டும். வெளிக்காட்டில் கழிப்பறை ஏது?

நல்ல உடல்நலமுள்ள பெண் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு முறை சிறுநீர் கழிப்பது மருத்துவர்களின் பொதுக்கணக்கு. குடிக்கும் தண்ணீர், வயது, கர்ப்பம் இவற்றைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். இரவில் ஒருமுறை எழுவதும் இயல்புதான். சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மி.லி. சேர்ந்ததும் உணர்வு தட்டும். 300 முதல் 500 மி.லி. வரை தாங்கும். நாள் முழுக்க வெளியேறுவது 800 மி.லி. முதல் 2 லிட்டர் வரை. நிறம் இளமஞ்சளாக இருந்தால் கவலையில்லை.

நம் பெண்கள் பலருக்கு இந்தக் கணக்கு எட்டாது. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) போகும்முன் ஒருமுறை, வீடு திரும்பியதும் ஒருமுறை. ஃபேக்டரி பஸ் ஏறுகிறவர்களுக்கும் கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான். 2019-இல் பெனுட் ஆற்றில் அமோனியா கூடி, குழாய்த் தண்ணீர் நின்று லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர் இது. இன்று குழாயில் தண்ணீர் வந்தும், ஒதுங்க இடமில்லாததால் குடிக்கப் பயம்!

பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். கிருமி சுலபமாக ஏறிவிடும். அடிக்கடி வெளியேறும் சிறுநீரே அதை அடித்துக்கொண்டு போகும். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். எரிச்சல் தொடங்கியதும் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் குடித்துச் சமாளிப்பார்கள். குளிர்காய்ச்சலும் விலா வலியும் வந்தபிறகே கிளினிக்கைத் தேடுவார்கள். அதற்குள் தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கும்.

அடிக்கடி போவதுதான் ஆபத்து, சர்க்கரை நோயாக இருக்கலாம் என்பார் சிலர். அதுவும் சரிதான், சந்தேகமுள்ளவர்கள் சோதித்துக்கொள்ளட்டும். ஆனால் போகவே வழியில்லாதவர்களின் நிலைமையை யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தித்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. ஒதுங்க ஓர் இடத்துக்கும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

தோட்ட முதலாளிகளே, வேலை நடக்கும் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடமாடும் கழிப்பறையும் கைகழுவத் தண்ணீரும் வையுங்கள். பெண்களுக்குச் சுகாதாரப் பாடம் அப்புறம் எடுக்கலாம்.